தவறு, தண்டனை, நட்டஈடு: ஒரு கடைக் கொப்பியிலிருந்து சில குறிப்புகள்

வாப்பா மௌத்தாகி நாற்பது கழிந்த பிறகுதான் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பழைய அடையாள அட்டை, உம்மாவுக்கு எழுதிய சில கடிதங்கள், ஒரு தஸ்பீஹ் மணி, நீல அட்டை போட்ட கணக்குக் கொப்பி ஒன்று. வாப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் இருபத்தொரு வருடம் சிப்பந்தியாக இருந்தவர். தன்னுடைய வரவு செலவை அந்தக் கொப்பியில் மாதம் தவறாமல் எழுதி வைத்திருந்தார்.

1963 ஜூலைப் பக்கத்தில் சம்பளம் 95 ரூபாய் என்று இருந்தது. அதன் கீழே, "பேல் கணக்கு, கழிவு 15." ஓகஸ்டிலும் அதே வரி. செப்டம்பரிலும் அதே வரி. 1964 டிசம்பர் வரை பதினெட்டு மாதம், மொத்தம் 270 ரூபாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூத்த நானாவிடம் காட்டினேன். அவருக்கு அந்த நாட்கள் நினைவிருந்தன.

"மேல் தட்டுல ஸ்டோர் ஒண்டு ஈந்த. மழைக்குக் கூரை ஒழுகி ஒரு பேல் சீத்தைப் புடவை முழுக்க நனஞ்சி பூசணம் புடிச்ச. சாவி வாப்பாட கையில. அவ்வளவுதான். மொதலாளி மாசம் பதினஞ்சு எண்டு சென்ன, வாப்பா தலையாட்டின."

"கூரையத் திருத்துறது யாருட வேல?" என்று கேட்டேன்.

நானா சிரித்தார். "அதெக் கேக்க ஆரு ஈந்த?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை. முதலாளியைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அதே கொப்பியில், 1965ஆம் ஆண்டுப் பக்கத்தில், என் மாமியின் கல்யாணத்துக்கு முதலாளி 500 ரூபாய் ஹதியா கொடுத்ததும் எழுதப்பட்டிருக்கிறது. பிடித்ததை விடக் கொடுத்தது கூட. வாப்பா கடைசி வரை அவரை நல்ல மனிசன் என்றே சொன்னார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அந்த 500 அவருடைய மனதிலிருந்து வந்தது. இந்த 270உம் அதே மனதிலிருந்துதான் வந்தது. இரண்டுக்கும் ஒரு விதி இருக்கவில்லை. வேலைத் தலத்தில் ஊழியன் செய்த தவறை எப்படி விசாரிப்பது, எப்படித் தண்டிப்பது, நட்டத்தை யார் தலையில் போடுவது என்ற கேள்விகளுக்கு இந்த நாட்டுச் சட்டமும் நம்முடைய பிக்ஹும் என்ன சொல்லி வந்திருக்கின்றன என்று தேடிப் பார்த்தேன்.

நாட்டுச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். பிரித்தானியர் காலத்தில் ஊழியனின் ஒழுங்கீனம் என்பது வேலைத் தல விடயமாக இருக்கவில்லை. அது குற்றம். 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அதை ஒருங்கு சேர்த்துத் திருத்திய 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வேலைக்காரர், கூலியாட்கள், கைவினைத் தொழிலாளர் ஆகியோரின் சேவை ஒப்பந்தங்களைப் பற்றியவை. தக்க காரணமின்றி வேலைக்கு வராமல் விடுவது, குடித்திருப்பது, வேண்டுமென்றே கட்டளையை மீறுவது, எஜமானிடம் மரியாதைக் குறைவாக நடப்பது, அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவது எல்லாம் அந்த 1865ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றங்கள். மூன்று மாதம் வரை மறியல், கடூழியத்தோடும் கொடுக்கலாம். அதற்கு மேல் சம்பளமும் பறிபோகலாம். ஒரு ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்பதுதான் மற்ற எல்லாருக்கும் உள்ள வழி. தொழிலாளி மீறினால் மட்டும் அவனுடைய உடம்பே பிணை.

தோட்டங்களில் இதற்குத் துணையாகத் துண்டு முறை இருந்தது. ஒரு தொழிலாளி தோட்டம் மாறிப் போவதானால், அவனுடைய கடன் தீர்ந்தால் விடுவிக்கலாம் என்று பழைய தோட்டத்திலிருந்து ஒரு துண்டுக் கடதாசி வாங்கிப் போக வேண்டும். அது இல்லாமல் இன்னொரு துரை அவனைச் சேர்க்க மாட்டார். கடனும் ஒழுக்கமும் அங்கே ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. ஆளைப் பிடித்து வைத்தது குற்றமல்ல, கணக்கு.

இதற்கு எதிராகப் பேசியவர்களில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முக்கியமானவர். 1919இல் அவர் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் ஏற்பாடுகளை நீக்கச் சொல்லித் தொடர்ந்து வாதாடினார். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளருக்கான சிறைத் தண்டனையும் 1920களின் தொடக்கத்தில் போய்விட்டது.

வாப்பாவைப் போல விற்பனையும் கணக்கும் பார்த்த சிப்பந்திகளை அந்தச் சட்டத்தின் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. புறக்கோட்டை முதலாளி யாரும் தன் சிப்பந்தியை மறியலுக்கு அனுப்பியதாக எங்கள் குடும்பத்தில் ஒரு கதையும் இல்லை. அங்கே நடந்தது வேறு விதம். சிப்பந்தி கடையிலேயே தூங்கினான், முதலாளி வீட்டுச் சோற்றைத் தின்றான், பெரும்பாலும் ஊர்க்காரனாகவோ உறவுக்காரனாகவோ இருந்தான். அவன் தவறு செய்தால் கடிதம் இல்லை, விசாரணை இல்லை. ஏச்சு, ரெண்டு நாள் முகம் கொடுக்காமல் இருப்பது, சம்பளத்தில் கழிப்பு, மிஞ்சினால் ஊருக்கு அனுப்பி வைப்பது. மறியலை விட இது எவ்வளவோ மேல் என்று சொல்லலாம். ஆனால் ஒரு விடயத்தில் இரண்டும் ஒன்று. குற்றம் சாட்டுபவர், தீர்ப்புச் சொல்பவர், நட்டத்தைத் திரும்பப் பெறுபவர் மூவரும் ஒரே ஆள். இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்த ஆள்.

இதை மாற்றியது கூலி பற்றிய சட்டங்கள்தான். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் ஒரு அடிப்படையை வைத்தன. சம்பளம் முழுதாகக் கொடுக்கப்பட வேண்டும். கழிப்பதானால் சட்டம் அனுமதித்த கழிவாக இருக்க வேண்டும். அதாவது கொப்பியில் முதலாளி ஒரு வரி எழுதினால் அது கழிவாகிவிடாது. வாப்பாவின் பேல் கணக்கு தொடங்கிய 1963இல் இந்த இரண்டாவது சட்டம் வந்து ஒன்பது வருடமாகியிருந்தது. அதை யாரும் எங்கள் கடைப் பக்கம் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் சமூகத்து ஒருவரை நினைக்க வேண்டும். சுதந்திரத்துக்கு முன்பின்னாக டி. எஸ். சேனாநாயக்க அமைத்த 1947ஆம் ஆண்டு அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சராக இருந்தவர் ரி. பி. ஜாயா. ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக நமக்கெல்லாம் தெரிந்தவர். அவரை அதிபராக நினைவுகூரும் அளவுக்குத் தொழில் அமைச்சராக நாம் நினைவுகூர்வதில்லை. வியாபாரச் சமூகம் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளும்போது முதலாளியை மட்டும் நினைத்துக்கொள்வதும், அவருடைய கடையில் நின்ற நூறு சிப்பந்திகளை மறப்பதும் அதே பழக்கம்தான் என்று எனக்குப் படுகிறது.

1950இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் வந்தது. ஆனால் தனி ஒரு ஊழியன் தன்னை நீக்கியது அநியாயம் என்று போய்ச் சொல்ல ஒரு வாசல் 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் திறந்தது. அதுதான் தொழில் நியாய சபை. அப்போது தொழில் அமைச்சராக இருந்தவர் ரி. பி. இலங்கரத்ன. அவருடைய கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1947 பொது வேலைநிறுத்தத்தின்போது அவர் அரச எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவர். அந்த வேலைநிறுத்தத்தில்தான் ஜூன் 5ஆம் திகதி கந்தசாமி என்ற எழுதுவினைஞர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். இலங்கரத்னவுக்கு வேலை போனது. ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் வேலை இழப்பது என்ன என்று கதிரையின் மற்றப் பக்கம் இருந்து அறிந்த ஒருவர் பத்து வருடத்துக்குப் பிறகு அந்த அமைச்சில் இருந்தார். 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதியும் அவருடைய காலத்ததுதான்.

தொழில் நியாய சபைக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் சாதாரணமானதல்ல. நீதியும் நியாயமும் என்று தனக்குப் படும் கட்டளையை அது இடலாம். வேலை ஒப்பந்தத்தில் எதிர்மாறாக என்ன எழுதியிருந்தாலும் நிவாரணம் கொடுக்கலாம். ஒரு மாத முன்னறிவித்தலோடு யாரையும் நிறுத்தலாம் என்று கடிதத்தில் கையொப்பம் வாங்கி வைத்திருப்பதால் மட்டும் முதலாளி தப்ப முடியாது. ஏன் நிறுத்தினீர் என்று சபை கேட்கும். காரணத்தைக் காட்ட வேண்டியவர் நிறுத்தியவர். குற்ற வழக்கில் போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பதில்லை, எந்தப் பக்கம் உண்மையாக இருக்கக் கூடுதலான வாய்ப்பு என்பதே அளவுகோல். ஆனால் வெறும் சந்தேகம் போதாது. அரச ஊழியருக்கு இந்தச் சபையின் வாசல் இல்லை. அவர்களுக்குத் தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி இருக்கிறது. அதில் பாரிய தவறுகளுக்கு ஒரு அட்டவணை, சிறிய தவறுகளுக்கு இன்னொன்று. தண்டனையும் அதற்கேற்பப் பிரிகிறது. குற்றத்தையும் தண்டனையையும் எடை போட வேண்டும் என்பதை அந்த இரண்டு அட்டவணைகளே சொல்லிவிடுகின்றன.

தனியார் துறையில் உள்ளக விசாரணை கட்டாயம் என்று ஒரு சட்டம் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வழக்கமாக நடப்பது இதுதான்: முதலில் குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து விளக்கம் கேட்பது, விளக்கம் திருப்தியில்லாவிட்டால் அந்த விடயத்தில் சம்பந்தப்படாத ஒருவரை வைத்து விசாரிப்பது, சாட்சிகளை அவன் முன்னாலேயே கேட்டு அவனும் அவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்க விடுவது, பிறகு தீர்மானிப்பது. நாளைக்கு நியாய சபையில் நின்றால், அப்படிச் செய்தவர் தான் கண்ணை மூடிக்கொண்டு தண்டிக்கவில்லை என்று காட்டலாம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இன்னொன்றைச் சேர்த்தது. தவறில்லாத ஊழியனை அவனுடைய சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது என்று சொன்ன அதே சட்டம், ஒழுங்கு நடவடிக்கையாக நிறுத்தினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றது. ஆனால் காரணத்தை எழுத்தில், நிறுத்திய திகதிக்குப் பிறகு வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். வாயால் "நாளைக்கு வராதே" என்பது சட்டத்தின் கணக்கில் விளக்கம் அல்ல. நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் நம்மவர்கள் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் என்று காத்திருந்து அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நட்டத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தில் உள்ள ஒரு ஏற்பாடு. மோசடி, பணக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே செய்த சேதம், சொத்து இழப்பை ஏற்படுத்தியது ஆகிய காரணங்களுக்காக நீக்கப்பட்டவர் தன் பணிக்கொடையை இழப்பார். எவ்வளவு இழப்பார்? ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு. திருடியவன் என்பதற்காக இருபது வருட உழைப்பு முழுவதும் முதலாளிக்குப் போய்விடாது. வேலையிலிருந்து நீக்கியது தண்டனை. பணிக்கொடையில் பிடிப்பது நட்டஈடு. இரண்டும் வேறு வேறு கணக்கு. தண்டனைக் கோபத்தை நட்டக் கணக்கில் எழுதக் கூடாது என்று அந்தச் சட்டம் அமைதியாகச் சொல்லி வைக்கிறது.

இனி நம்முடைய பிக்ஹ். இந்தக் கேள்வியை நம் முன்னோர்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பேசியிருக்கிறார்கள். கூலிக்கு வேலை செய்பவனை அஜீர் என்றார்கள். அவன் இரண்டு வகை. ஒருவருக்கு மட்டும், தன் நேரத்தைக் கொடுத்து வேலை செய்பவன் அஜீர் காஸ். மாதச் சம்பளச் சிப்பந்தி இந்த வகை. எல்லாருடைய வேலையையும் ஏற்பவன் அஜீர் முஷ்தரக். தையற்காரர், சலவைக்காரர், சாயம் போடுபவர் இந்த வகை. முதலாமவனின் கையில் இருக்கும் பொருள் அமானிதம். அவன் எல்லை மீறியோ கவனக் குறைவாலோ கெடுத்தாலன்றி அவன் மீது ளமான், அதாவது நட்டப் பொறுப்பு, இல்லை.

இரண்டாமவன் விடயத்தில்தான் கருத்து வேறுபாடு. ஹனபி மத்ஹபில் இமாம் அபூ ஹனீபா ஒரு பக்கம், அவருடைய இரு மாணவர்களான அபூ யூசுபும் முஹம்மதும் இன்னொரு பக்கம். தடுக்க முடியாத பெருந்தீ போன்ற காரணம் இல்லாவிட்டால் கைவினைஞர் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள் மாணவர்கள். அலி (ரழி) அவர்களும் மக்களின் பொருட்களைக் காக்கக் கைவினைஞரைப் பொறுப்பாக்கினார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் இமாமைப் பற்றி அவருடைய மாணவர் ரபீஃ சொன்னதாக நூல்களில் ஒரு செய்தி உண்டு. கைவினைஞர் மீது பொறுப்பில்லை என்பதே இமாமின் கருத்தாக இருந்தது, ஆனால் கெட்ட கைவினைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மக்களின் பொருளைக் கெடுப்பார்கள் என்று அஞ்சி அதை வெளிப்படையாகச் சொல்லாமல் இருந்தார்கள் என்பது அந்தச் செய்தி. ஊழியனின் நியாயம் ஒரு கையிலும் வாடிக்கையாளனின் பொருள் மறு கையிலுமாக ஒரு பெரிய அறிஞர் தயங்கி நின்றதை அதில் பார்க்கிறேன்.

பிற்காலத்தில் உஸ்மானியர்கள் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சிவில் சட்டக் கோவையின் 1,851 பிரிவுகளுக்குள்ளும் இது இடம் பிடித்தது. ஒருவருக்கு மட்டும் வேலை செய்யும் ஊழியன் அமானிதக்காரன், எல்லை மீறாத வரை அவன் கையால் நேர்ந்த நட்டத்துக்கும் அவன் பொறுப்பல்ல என்று அது தெளிவாக எழுதியது. மாதச் சம்பளச் சிப்பந்தியைப் பொறுத்தவரை பெரிய சர்ச்சைக்கு இடமே இல்லை என்பதுதான் இதிலெல்லாம் எனக்குக் கிடைத்த பதில்.

இப்போது அந்தப் பேலுக்கு வருவோம். சாவி வாப்பாவின் கையில் இருந்தது உண்மை. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகளும் உண்மையில் இருந்தன. கூரை ஒழுகுவது அவருக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் சொல்லாமல் இருந்தாரா? சொல்லியும் திருத்தப்படவில்லையா? பேலை வேறு இடத்தில் வைக்க இடம் இருந்ததா? மழை தொடங்கி எத்தனை நாளுக்குப் பிறகு கதவைத் திறந்தார்? இதில் ஒன்றிரண்டுக்கு வாப்பாவுக்குப் பாதகமான பதிலும் வந்திருக்கலாம். மகன் என்பதற்காக அவர் தவறே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. சாவி வைத்திருந்தது ஒன்றே போதுமான சாட்சியாகிவிட்டது. பிக்ஹின்படி பார்த்தாலும் சட்டத்தின்படி பார்த்தாலும் சாவி வைத்திருப்பது தவறு அல்ல, அது பொறுப்பு. பொறுப்பிலிருந்து தவறுக்குப் போக நடுவில் விசாரணை என்ற ஒரு படி வேண்டும்.

இதை எழுதும் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பொது நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். காசாளராக இருந்த இளைஞனின் கணக்கில் 38,000 ரூபாய் குறைந்தது. குழுவில் எல்லாரும் நல்ல மனிதர்கள், தொழுகையாளிகள். பொலிஸுக்குப் போய் அவனுடைய பெயரைக் கெடுக்க வேண்டாம், சம்பளத்தில் பிடிப்போம், அதுவே அவனுக்குச் செய்யும் உபகாரம் என்று பத்து நிமிடத்தில் தீர்மானித்தோம். நானும் கை உயர்த்தினேன். அவனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மூன்று மாதம் பிடித்த பிறகு கணக்காய்வாளர் வந்தார். பக்கம் மாற்றி எழுதும்போது ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் தொகை இரண்டு தரம் கூட்டப்பட்டிருந்தது. காசு குறையவே இல்லை. பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தோம். அவன் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் வேலையை விட்டுப் போனான். போகும்போது ஒன்றுதான் சொன்னான்: "ஒரு தரம் கேட்டிருந்தா நான் அந்தப் பொத்தகத்தக் காட்டியிருப்பேன் சேர்."

வாப்பாவின் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவனுடைய முகம். அன்று அந்த மேசையில் நான் முதலாளியின் பக்கம் இருந்தேன்.

வியர்வை உலரும் முன் கூலி கொடுப்பது பற்றிய நபிமொழியை நம் மேடைகளில் கேட்காத வருடம் இல்லை. கூலியைக் கொடுத்த பிறகு அதில் கை வைப்பது பற்றி மேடையில் பேசக் கேட்டதில்லை. நம்மவர்களின் கடைகள் இன்று புறக்கோட்டையோடு நிற்கவில்லை. ஆடைத் தொழிற்சாலை, சுப்பர் மார்க்கட், தனியார் பாடசாலை, வைத்தியசாலை என்று பெருகிவிட்டன. அங்கே வேலை செய்பவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவையானது நம்முடைய இரக்கம் மட்டுமல்ல. தவறு நடந்தால் எழுத்தில் கேட்பது, பதிலைக் காது கொடுத்துக் கேட்பது, தண்டனையையும் நட்டத்தையும் பிரித்துப் பார்ப்பது, தனக்குரிய பங்கை, அதாவது ஒழுகும் கூரையை, முதலாளியும் கணக்கில் எடுப்பது. இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஒரு கடதாசியும் ஒரு மணித்தியாலமும் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சமூகத்தின் வியாபார வரலாறு என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி முதலாளிமாரின் வாழ்க்கை வரலாறுதான். சிப்பந்திகளின் வரலாறு அவர்கள் கைப்பட எழுதிய சிறு கொப்பிகளில், தகரப் பெட்டிகளில் கிடக்கிறது. உங்கள் வாப்பாவோ அப்பாவோ கடையில் நின்றவராக இருந்தால், அந்தக் கொப்பியைப் பழைய கடதாசிக்காரனுக்குப் போட வேண்டாம். ஒரு தரம் திறந்து பாருங்கள். கழிவு என்று ஒரு வரி இருந்தால், எதற்காக என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். அதைக் கேட்க அன்று யாரும் இருக்கவில்லை.